டீச்சரிடம் கேளுங்கள்: ரேஷனை நிறுத்தினால் யார் கையைக் கடிக்கும்?

போன இதழில் புதுச்சேரி வாசகர் ஒருவர், "ரேஷன் கடைகளைத் திரும்பத் திறந்தது தேவைதானா? அரிசிக்குப் பதில் பணமாகவே கொடுத்துக்கொண்டு இருந்திருக்கலாமே?" என்று கேட்டிருந்தார். "பணம் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் தொகை நின்ற இடத்தில் நிற்கும், அரிசி விலை நிற்காது" என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வழக்கமாக எனக்கு வருகிற கடிதங்கள் பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம், பென்ஷன் அரியர் எப்போது வரும், இந்தச் சீட்டுக் கம்பெனியை நம்பலாமா என்றுதான் இருக்கும். இந்த முறை வந்த கட்டில் முக்கால்வாசி அரிசிதான். அதனால் இந்த இதழ் முழுக்க அரிசி. மற்றவர்கள் அடுத்த மாதம் வரை பொறுக்கவும்.

கேள்வி: நான் பிளஸ் டூவில் பொருளாதாரம் எடுத்திருக்கிறேன். மானியம் கொடுத்தால் சமுதாயத்துக்கு மொத்தத்தில் நஷ்டம், எடுத்துவிட்டால் அந்த நஷ்டம் நீங்கும் என்று டியூஷனில் முக்கோணம் போட்டுக் காட்டினார்கள். ஆனால் என் ஆயா, "ரேஷன் கடை இல்லாட்டி நாம எப்பவோ தெருவுக்கு வந்திருப்போம்" என்கிறார். யார் சொல்வது சரி டீச்சர்?
– மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: ஆயாவுக்கு முழு மதிப்பெண். டியூஷன் சாருக்குப் பாதி.

அந்த முக்கோணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். ஒரு கிலோ ரேஷன் அரிசி அரசாங்கத்துக்குச் சுமார் 40 ரூபாய் அடக்கமாகிறது. அதை "எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போங்கள்" என்று சும்மா கொடுத்தால், தனக்குப் பத்து ரூபாய்க்குக்கூடப் பெறாத அரிசியையும் ஒருத்தி வாங்கிப் போவாள், கோழிக்கு இறைப்பாள். 40 ரூபாய் செலவில் 10 ரூபாய்ப் பயன். நடுவில் போன 30 ரூபாய் அவளுக்கும் இல்லை, விவசாயிக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை. இந்த மாதிரி கிலோக்களை எல்லாம் கூட்டினால் வருவதுதான் சார் போட்ட முக்கோணம். படத்தில் பிழை கிடையாது.

ஆனால் நம் ரேஷன் கடை அப்படியா போடுகிறது? அளவு கட்டித்தான் போடுகிறது. நாலு பேர் உள்ள அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி மிச்சச் சோறு என்று இருக்கும் வீட்டில் அதே நாலு பேருக்கு 40 கிலோ ஆகும். 20 கிலோ ரேஷன். மீதி 20 கிலோவை உங்கள் ஆயா மளிகைக் கடையில், சாதாரண ரகம் என்றாலும் கிலோ 45 ரூபாய் கொடுத்துத்தான் வாங்குகிறார். ஆகவே "இன்னும் ஒரு கிலோ வாங்கலாமா" என்று அவர் யோசிக்கும்போது கண்ணெதிரே நிற்பது 45 ரூபாய் விலை. இலவசம் 20 கிலோவோடு முடிந்துவிட்டது. தேவைக்கு மேல் வாங்கி வீணாக்க அங்கே வழியே இல்லை. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை முக்கோணம் கிடையாது. இருப்பது ஒரு செவ்வகம்: அகலம் 20 கிலோ, உயரம் 45 ரூபாய், பரப்பு 900 ரூபாய். ரேஷனை எடுத்தால் இந்த 900 ரூபாய் ஆயா கையிலிருந்து மாதாமாதம் போகும். நடவுக்குப் போகும் பெண்ணுக்கு அது மூன்று நாள் கூலி. வீண்செலவு எதையும் அது ஒழிக்கவில்லை; ஒரு கையிலிருந்து எடுத்து இன்னொரு கையில் வைக்கிறது, அவ்வளவுதான்.

முக்கோணம் வேறு வீடுகளில் இருக்கிறது. எங்கள் தெருவிலேயே உண்டு. மாதத்தின் முதல் வாரத்தில் ஒருவர் டிவிஎஸ் 50-யில் வருவார், பின்னால் காலிச் சாக்கு. ரேஷன் அரிசி சாப்பிடாத வீடுகளில் 20 கிலோவை அப்படியே கிலோ எட்டு ரூபாய்க்கு எடை போட்டு வாங்கிப் போவார். அங்கேதான் 40 ரூபாய் அரிசி 8 ரூபாயாகக் கரைகிறது. ஆக, நஷ்டம் இருப்பது அரிசியை வாங்கி உலையில் போடுகிறவரிடம் இல்லை, வாங்கி விற்கிறவரிடம். மானியத்தை ஒட்டுமொத்தமாக எடுத்தால் இரண்டு பேருக்கும் போகும். டிவிஎஸ் 50 வீட்டுக்கு 160 ரூபாய் நஷ்டம். உங்கள் ஆயாவுக்கு 900.

பரீட்சையில் மட்டும் சார் சொன்ன படத்தையே போடு. திருத்துகிறவர் என்னைப் போன்றவராக இருந்தால் மேலே சொன்னதையும் நாலு வரி எழுது.

கேள்வி: நீங்கள் பணத்துக்கு எதிரி போல் எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் ரேஷன் அரிசியைச் சமைத்தால் பிள்ளைகள் தட்டை நகர்த்திவிடுவார்கள். பணம் வந்த காலத்தில் அதோடு கொஞ்சம் போட்டு நல்ல பொன்னி வாங்கினோம். இதில் எங்களுக்கு என்ன நஷ்டம்?
– இல்லத்தரசி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்களுக்கு நஷ்டமே இல்லை அம்மா, லாபம்தான். நான் பணத்துக்கு எதிரியும் இல்லை. பிடிக்காத அரிசியை விடப் பிடித்ததை வாங்கும் பணம் மேல் என்பதைப் பாடமாகவே நடத்தியவள் நான். லாஸ்பேட்டையில் நாலு தெருவுக்கு ஒரு சூப்பர் மார்க்கெட், ஏடிஎம் பக்கத்தில். உங்களைப் போன்ற வீடுகளுக்குப் பணம் சௌகரியம்.

புதுச்சேரியில் நடந்ததைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2015 செப்டம்பரில் மத்திய அரசு, தன் உணவு மானியத்தைத் தானியமாகக் கொடுப்பதை நிறுத்திப் பணமாக வங்கிக் கணக்கில் போடும் சோதனையைச் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கியது. புதுச்சேரி அரசு தன் பங்குக்குத் தனியாக இலவச அரிசி கொடுத்துவந்தது. அதையும் பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி சொல்ல, அரிசிதான் கொடுப்போம் என்று முதல்வராக இருந்த நாராயணசாமி நிற்க, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் பணம்தான் நிலைத்தது. சிவப்பு அட்டைக்கு (வறுமைக் கோட்டுக்குக் கீழே) 20 கிலோவுக்குப் பதில் 600 ரூபாய், மஞ்சள் அட்டைக்கு (கோட்டுக்கு மேலே) 10 கிலோவுக்குப் பதில் 300 ரூபாய். ரேஷன் கடைகள் பூட்டியே கிடந்தன. 2024 தீபாவளியை ஒட்டித்தான் திரும்பத் திறந்தார்கள்.

இப்போது அந்த 600-ஐ 20-ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோ 30 ரூபாய். அந்தத் தொகையை நிர்ணயித்தபோது 30 ரூபாய்க்கு ஏதோ ஒரு புழுங்கல் அரிசி கிடைத்தது. அரிசி 35 ஆனது, 40 ஆனது, 45 ஆனது; தொகை 600-ஐ விட்டு நகரவில்லை. அரியாங்குப்பத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குச் சிவப்பு அட்டை. மில் வேலை போன குடும்பம். 20 கிலோ வாங்கிய அதே காசுக்கு 15 கிலோ, பிறகு 13 கிலோ. மானியத்தை யாரும் குறைக்கவில்லை, எந்த உத்தரவும் வரவில்லை, யாரும் மறியல் செய்யவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ரேஷன் கடையில் ஒரு மாதம் 20 கிலோவுக்கு 13 கிலோ போட்டுப் பார்க்கட்டும், தெருவே திரண்டு நிற்கும். பணத்தில் அதே வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. என் ஆட்சேபம் இதற்குத்தான்.

வேடிக்கை என்னவென்றால், மத்திய அரசு போட்ட தொகைக்குச் சூத்திரம் இருந்தது. நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலையோடு, அதாவது அரசு விவசாயியிடம் நெல் வாங்கும் விலையோடு, அதைக் கட்டியிருந்தார்கள். ஆதரவு விலை ஏறினால் தொகையும் ஏற வேண்டும். ஆகவே விலையோடு கட்டிக் கொடுக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. கட்டிக் கொடுத்தால், லாஸ்பேட்டைக்குப் பணமும் பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்கு அரிசியும் என்று அவரவர் விருப்பத்துக்கே விடலாம். கிராமத்தில் ஒரே ஒரு மளிகைக் கடைதான் இருக்கும். பக்கத்தில் ரேஷன் கடை திறந்திருந்தால்தான் அந்த அண்ணாச்சிக்கும் விலை வைக்கும்போது ஒரு பயம் இருக்கும்.

கேள்வி: ரேஷன் புழுங்கலரிசியில் இட்லி நன்றாக வருமா?
– புது மருமகள், நெல்லிக்குப்பம்

பதில்: பிரமாதமாக வரும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். வாடை வந்தால் இரண்டு மூன்று தண்ணீர் கூடுதலாகக் கழுவிவிட்டு ஊறப் போடு. பாக்கெட் மாவு விற்கிறவர்களுக்கும் இது தெரியும். டிவிஎஸ் 50 சாக்கில் பாதி எங்கே போகிறது என்று நினைக்கிறாய்?

கேள்வி: நான் மூன்று ஏக்கரில் சம்பா போடுகிறேன். ஊருக்கெல்லாம் இலவச அரிசி கொடுப்பதால்தான் நெல் விலை ஏறவே மாட்டேன் என்கிறது. அதை நிறுத்தினால் எல்லாரும் கடையில் வாங்குவார்கள், விலை ஏறும், விவசாயி பிழைப்பான். ரேஷனுக்கு வக்காலத்து வாங்கும் நீங்கள் விவசாயியை ஏன் மறந்தீர்கள்?
– விவசாயி, புவனகிரி

பதில்: மறக்க முடியுமா ஐயா? என் புகுந்த வீடு காட்டுமன்னார்கோயில் பக்கம். வீராணம் ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர், இப்போது கொழுந்தனார் பார்க்கிறார். அதனால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ரேஷனில் போடுகிற அரிசி எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி வெளி மாநிலத்திலிருந்து வருகிறது. மீதி நீங்களும் என் கொழுந்தனாரும் கொள்முதல் நிலையத்தில் கொட்டிய நெல். 2002 முதல் தமிழ்நாட்டில், நுகர்பொருள் வாணிபக் கழகமே நெல்லை வாங்கி, அரைத்து, இங்கேயே ரேஷனுக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு, அதாவது நூறு கிலோவுக்கு, சாதா ரகத்துக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389. மாநில அரசு அதன் மேல் 131-ம் 156-ம் ஊக்கத்தொகை போட்டு 2,500 ஆகவும் 2,545 ஆகவும் கொடுக்கிறது. நூறு கிலோ நெல்லை அவித்து அரைத்தால் 68 கிலோ அரிசி என்பது கணக்கு. அப்படியானால் ஒரு கிலோ அரிசிக்குள் இருக்கும் நெல்லின் விலையே 37 ரூபாய். அரைக்கும் கூலி, சாக்கு, லாரி, குடோன் வாடகை எல்லாம் அதற்கு மேல். இந்த 37 ரூபாயைச் சாப்பிடுகிறவர் தரவில்லை, அரசாங்கம் தருகிறது. 'இலவச அரிசி' என்று நீங்கள் சொல்லும் மானியத்தின் பெரும்பகுதி உங்கள் சட்டைப்பைக்கு வந்துதான் அடுத்த இடத்துக்குப் போகிறது.

ரேஷனை நிறுத்திவிட்டால் அரசாங்கம் யாருக்காக நெல் வாங்கும்? ஒரு வருஷம் வாங்கிக் குடோனில் அடுக்கும். இரண்டாம் வருஷம் இடமில்லை என்று நிலையங்களைக் குறைக்கும். மூன்றாம் வருஷம் நீங்களும் வியாபாரியும்தான்.

வியாபாரி என்ன விலைக்குக் கேட்பார் என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு தை மாதம் எங்கள் ஊரில் பார்த்தோம். அறுவடை மெஷின் வந்து இரண்டே நாளில் ஊரையே அறுத்துப் போட்டுவிட்டது. கொள்முதல் நிலையம் திறக்கவில்லை. களத்தில் இடமில்லாமல் ரோட்டோரம் வரிசையாக நெல் அம்பாரம், மேலே தார்ப்பாய், பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் ராக்காவல். விடியற்காலைப் பனி இறங்கித் தார்ப்பாய் உள்பக்கம் வேர்த்திருக்கும். பகலில் காலால் துழாவிக் காய வைப்பதும், மேகம் கறுத்தால் ஓடிப்போய்க் குவித்து மூடுவதுமாக ஒரு வாரம். 17 சதவிகித ஈரப்பதத்துக்குள் வந்தால்தான் நிலையத்தில் எடுப்பார்கள். ஒரு பிடி நெல்லைக் கருவியில் போட்டுப் பார்த்தால் 19-ல் நிற்கும், மறுநாள் 18. அந்த வாரத்தில் லாரியோடு வந்த வியாபாரி, அரசு விலையிலிருந்து குவிண்டாலுக்கு 400 ரூபாய் குறைத்துக் கேட்டார். மெஷின் வாடகை பாக்கி இருந்தவர்கள் போட்டார்கள். அடுத்த வாரம் மூன்று கிலோமீட்டர் தள்ளி நிலையம் திறந்தது. அதே வியாபாரி, அதே நெல்லுக்கு 150 ரூபாய் கூட்டிக் கேட்டார். அப்போது நிலையத்தில் எங்கள் ஊர் நெல் ஒரு மூட்டைகூட ஏறியிருக்கவில்லை. திறந்ததற்கே அந்த விலை. எங்கள் ஊரில் யாரும் இதற்கு வரைபடம் போடவில்லை, ஆனால் எல்லாருக்கும் புரிந்தது.

நாடு முழுக்க இந்தப் பலன் இல்லை என்பது உண்மை. மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு 2015-ல் கொடுத்த அறிக்கையில், விவசாயிகளில் 6 சதவிகிதம் பேர்தான் ஆதரவு விலைக்கு அரசிடம் விற்கிறார்கள் என்று சொன்னது. கொள்முதல் இல்லாத ஊர்களில், அரசாங்கம் வேறெங்கோ வாங்கிய மலிவு அரிசி வந்து இறங்கினால் உள்ளூர் விவசாயிக்கு அடிதான். அந்த ஊர்க்காரர் உங்கள் கேள்வியைக் கேட்டால் நான் ஒத்துக்கொள்வேன். புவனகிரிக்காரர் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று, விலை ஏறும் என்கிறீர்களே, எப்போது ஏறும்? தையிலும் மாசியிலும் ஏறாது. அப்போது எல்லார் வீட்டு நெல்லும் ரோட்டில் இருக்கும். ஏறினால் ஆடி, ஆவணியில் ஏறும். அப்போது நெல் குடோன்காரரிடம் இருக்கும். கொழுந்தனார் போடுவது சி.ஆர். 1009 என்ற நெல் ரகம். பயிர்க் கடன், உரக்கடை பாக்கி, மெஷின் வாடகை என்று எல்லாவற்றையும் அடைக்க வேண்டியிருப்பதால் சாப்பாட்டுக்குச் சில மூட்டைகள் நிறுத்திவிட்டு மொத்தத்தையும் மாசியிலேயே போட்டுவிடுவார். ஆனி வந்தால் பத்தாயம் காலி. அதற்குப் பிறகு அடுத்த தை வரைக்கும் அவரும் அரிசி வாங்குகிறவர்தான். ரேஷன் 20 கிலோவோடு கடை அரிசி. விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் விற்றவருக்கு ஒரு காசு கூடவில்லை, வாங்குகிற மாதங்களில் கையிலிருந்து போகிறது. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்து, நெல்லை நிறுத்தி விற்கத் தெம்பு உள்ளவருக்கு வேண்டுமானால் உங்கள் கணக்கு பலிக்கும். மூன்று ஏக்கருக்கு, நீங்களே உங்கள் ஆனி மாதத்து மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, நெல் போடுகிறவர் மட்டும் விவசாயி இல்லை. முன்பு சொன்ன ஆயா வீட்டில் 900 ரூபாய் குறைந்தால் முதலில் அரிசியைக் குறைக்க மாட்டார்கள். வயிறு நிறைய வேண்டுமே. முட்டை குறையும், மீன் குறையும், காய் கால் கிலோவாகும், துவரம்பருப்பு சாம்பார் வெறும் ரசமாகும். பண்ருட்டி பக்கத்தில் கத்தரியும் வெண்டையும் போடுகிறவருக்கும், கடலூர் துறைமுகத்தில் மத்தி கூறு கட்டி விற்கிற அக்காவுக்கும் வியாபாரம் படுக்கும். அரிசி மானியத்தை எடுத்தால் அடி விழுகிற உற்பத்தியாளர்கள் பட்டியலில் அவர்களை யாரும் சேர்ப்பதே இல்லை.

"இலவச அரிசியால் நடவுக்கு ஆள் வருவதில்லை" என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். வீட்டில் அரிசி இருந்தால் 200 ரூபாய்க்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள், 300 கேட்பார்கள். அது உங்களுக்கு நஷ்டம், அவர்களுக்கு லாபம். அதற்காகப் பட்டினி போட்டு ஆள் பிடிக்க வேண்டும் என்று நீங்களும் நினைக்க மாட்டீர்கள்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களுக்கு வருமானமே கிடையாது. அப்போது மட்டும் ரேஷனைக் கூட்டிக் கொடுத்தால் என்ன?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: நல்ல யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மற்ற மாதங்களில் 20 கிலோ என்பது பாதி அரிசி. உங்களுக்கு அந்த இரண்டு மாதமும் அதுதான் கையில் காசில்லாமல் வரும் ஒரே சாப்பாடு. நிவாரணத் தொகை வந்தாலும் அது வலைக்கும் வட்டிக்கும் போய்விடுகிறது என்று உங்கள் ஊர்ப் பெண்களே சொல்கிறார்கள். கூடுதல் அரிசிக்கு மனு கொடுங்கள்.

கேள்வி: காரில் வந்து இறங்கி ரேஷன் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வசதி உள்ளவர்களுக்கு மட்டும் நிறுத்திவிட்டு ஏழைக்குக் கொடுத்தால் எல்லாப் பிரச்சினையும் தீருமே?
– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சார், வசதி உள்ளவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? 1997-ல் நாடு முழுக்க அதைத்தான் செய்தார்கள்: வறுமைக் கோட்டுக்குக் கீழே ஒரு அட்டை, மேலே ஒரு அட்டை. தமிழ்நாடு மட்டும் எல்லாருக்கும் என்று பிடிவாதமாக நின்றது. கோடு போட்ட மாநிலங்களில் பணக்காரர் வெளியே போனதை விட, ஊராட்சியில் ஆள் பலம் இல்லாத ஏழை வெளியே போனது அதிகம். கணக்கெடுக்க வருகிறவர் கூலி வேலைக்குப் போன வீட்டில் பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார். வீட்டில் உட்கார்ந்திருப்பவர் பெயர் பட்டியலில் ஏறும்.

இங்கேயும் மத்திய அரசின் கணக்கில் 3 கோடியே 64 லட்சம் பேருக்குத்தான் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒதுக்கீடு. மற்றவர்களுக்கு மாநில அரசு தன் கைக்காசைப் போடுகிறது. உணவு மானியத்துக்கு ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. அது சின்னத் தொகை இல்லை, உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம்தான். ஆனால் ஆளைப் பிரிப்பதை விட, ஆளே விலகிப் போகும்படி செய்வது சுலபம். சர்க்கரை அட்டை அப்படித்தான். அரிசி வேண்டாம் என்கிறவருக்கு அதற்குப் பதில் சர்க்கரை கூடுதலாகக் கிடைக்கும். பென்ஷன் வாங்கும் நானும் சர்க்கரை அட்டைதான். இந்த வயதில் எனக்குச் சர்க்கரையும் ஆகாது என்பது வேறு விஷயம்.

கேள்வி: பணம் வந்த காலத்தில் என் மாமனார் பெயரில் இருந்த கணக்குக்குத்தான் போனது. எங்கள் கைக்கு எதுவும் வரவில்லை. கேட்டால் வீட்டில் சண்டை. மறுபடி பணம் என்றால் நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், வில்லியனூர்

பதில்: 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது: குடும்ப அட்டையில் வீட்டின் 18 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மூத்தவர்தான் குடும்பத் தலைவர். மாமியார் இருந்தால் அவர், இல்லையென்றால் நீ. இப்போதே குடிமைப் பொருள் வழங்கல் துறை அலுவலகத்துக்குப் போய்த் தலைவர் பெயரை மாற்ற மனு கொடு. மாமியாரை முன்னால் நிறுத்து, சண்டை பாதியாகக் குறையும். அவர் பெயரில் ஜீரோ பேலன்ஸ் கணக்காகப் பார்த்துத் தொடங்குங்கள். என் தங்கைக்குக் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று ஒரு வங்கி அபராதம் பிடித்ததில் ஒரு மாத அரிசிக் காசில் பாதி போனது. வீட்டுக்கு மூட்டையாக வந்த அரிசியை எந்த மாமனாரும் டாஸ்மாக்கில் கொடுக்க முடியாது, உங்கள் புதுச்சேரிச் சாராயக் கடையிலும்தான். பணத்தைப் பற்றி அப்படி உத்தரவாதம் கிடையாது. உன் கடிதத்தில் அடித்துவிட்ட வரியைப் படித்துவிட்டேன், அதனால்தான் சொல்கிறேன்.

கேள்வி: உலகத்தில் எங்காவது உணவு மானியத்தை எடுத்து நல்லபடி முடிந்திருக்கிறதா?
– வாசகர், நெய்வேலி

பதில்: பக்கத்து நாட்டையே பாருங்கள். 1953-ல் இலங்கை அரசு ரேஷன் அரிசி விலையை 25 சதத்திலிருந்து (சதம் என்பது அவர்கள் ஊர்க் காசு) 70 சதமாக ஏற்றியது. ஆகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்க அதே ஆண்டு பதவி விலகினார். எகிப்தில் 1977 ஜனவரியில் ரொட்டி, எண்ணெய் மானியத்தில் கை வைத்தார்கள்; இரண்டு நாள் கலவரத்தில் அதிபர் சதாத் அரசு உத்தரவைத் திரும்பப் பெற்றது. அதன் பிறகு எகிப்து ரொட்டி விலையைத் தொடவே பயந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் ஐந்து பியாஸ்டராக (அது எகிப்துக் காசு) இருந்த ரொட்டி 2024 ஜூனில்தான் இருபது ஆனது.

இலங்கை இரண்டாம் முறை சாமர்த்தியமாகச் செய்தது. 1979-ல் ரேஷனை எடுத்துவிட்டு, ஏழைகளுக்கு மட்டும் ரூபாய் மதிப்புப் போட்ட உணவு முத்திரை கொடுத்தார்கள். கலவரம் இல்லை. அரசுக்குச் செலவு நிஜமாகவே குறைந்தது. அந்தப் பணத்தை நீர்ப்பாசனம் போன்ற வேலைகளுக்குத் திருப்ப முடிந்தது. ஆனால் முத்திரையின் மதிப்பை விலைவாசியோடு கட்டவில்லை. சில வருஷங்களிலேயே அது வாங்கும் அரிசி ஏறக்குறையப் பாதியானது. அடிமட்டத்தில் இருந்தவர்கள் சாப்பாட்டைக் குறைத்ததை ஆய்வுகள் பதிவு செய்தன. லாஸ்பேட்டை அம்மாவுக்குச் சொன்ன 600 ரூபாய்க் கதையை நாற்பது வருஷத்துக்கு முன்பே கொழும்பில் நடத்திப் பார்த்துவிட்டார்கள்; புதுச்சேரிக்காரர்கள் யாரும் அதை எட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

கேள்வி: கடையில் அரிசிச் சிப்பம் முன்பெல்லாம் 25 கிலோவாக இருந்தது. இப்போது 26 கிலோ என்று போட்டிருக்கிறது. ஒரு கிலோ இலவசமா?
– வாசகி, செம்மண்டலம்

பதில்: அந்த ஒரு கிலோவுக்கும் காசு வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறார்கள். 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டிப் பாக்கெட் போட்ட அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவிகிதம் ஜிஎஸ்டி. 25 கிலோவைத் தாண்டினால் வரி இல்லை. ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டித் தைத்துவிட்டார்கள். 1,500 ரூபாய்ச் சிப்பத்தில் உங்களுக்கு 75 ரூபாய் மிச்சம். மொத்தமாக 1,500 ரூபாய் புரட்ட முடியாமல் ஐந்து கிலோ பாக்கெட்டாக வாங்குகிறவர் அந்த வரியைக் கட்டுகிறார். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்தாவது 26 கிலோவாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். வாங்கியதும் நாலு காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள், இந்த மாதம் வண்டு அதிகம்.